பிள்ளைக்கு விசுவாசம் கற்பிக்கலாமா?

ஒருவருடைய விசுவாசத்தை மற்றொருவருக்குக் கற்பித்துக் கொடுத்துவிட முடியுமா என்னும் வினா மிகப் பழமையானது. பெறுகிறவன் வயது வந்தவனாக இருக்கும்போது அவ்வினாவில் அவ்வளவு கூர்மை இல்லை. ஏனெனில் வேண்டாம் என்று சொல்லி எழுந்து போகும் சுதந்தரம் அவனுக்கு உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு அது இல்லை. அது நம் கையைப் பிடித்துக்கொண்டு நாம் போகுமிடத்துக்கு வருகிறது; நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறது; நாம் மகிழ்ந்தால் தானும் மகிழ்ந்து, நாம் எதை மெய்யென்று கொண்டிருக்கிறோமோ அதை மெய்யென்றே கொண்டுவிடுகிறது. இவ்வளவு பூரணமான நம்பிக்கையோடு நம்மிடம் வந்து நிற்கும் ஓர் ஆத்மாவுக்குக் கடவுளைப்பற்றிச் சொல்லுதல் கடமையா, அத்துமீறலா என்பதைத் தீர ஆலோசியாமல் அக்காரியத்தில் இறங்குவது தகாது. அதே சமயத்தில், ஆலோசித்துக்கொண்டே இருந்து ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவதும் ஒருவகை உபதேசமே என்பதையும் மறக்கலாகாது.

அமெரிக்க நாட்டின் சுவிசேஷத் திருச்சபைகள் பலவற்றில் வாரத்தின் நடுவே, பெரும்பாலும் புதன்கிழமை மாலையில், அவானா என்ற பெயருடைய சிறுவர் சங்கம் ஒன்று கூடுகிறது. இந்த வினாவை வைத்துப் பார்ப்பதற்கு அதைவிடத் தெளிவான இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். சபை மண்டபத்தின் தரையில் பெரியதொரு வட்டம் வரையப்பட்டிருக்கும். அவ்வட்டத்தின் நான்கு புறங்களும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்னும் நான்கு அணிகளுக்கு உரியவை. விசில் ஊதினதும் பிள்ளைகள் கோட்டைச் சுற்றி ஓடி, நடுவில் நிறுத்தியுள்ள கட்டையை முந்திக்கொண்டு எடுக்கப் பாய்வார்கள். ஓடிக் களைத்தபின் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து, கைப்புத்தகத்தில் குறித்திருக்கும் வேத வசனத்தைத் தங்கள் தலைவர் முன்னிலையில் ஒப்புவிப்பார்கள். இரண்டு தடவைக்குமேல் எடுத்துக்கொடுக்கும்படி நேராமல் சொல்லி முடித்தால், தலைவர் அந்தப் பக்கத்தில் கையொப்பம் இடுவார். பிறகு யாவரும் ஒன்றுகூடிப் பாடி, ஒரு சிறு பிரசங்கத்தைக் கேட்டு வீடு திரும்புவார்கள். மழலை வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் கையில்லாத சிவப்புச் சட்டை அணிந்து, அதில் கிரீட வடிவான சின்னம் ஒன்றைக் குத்திக்கொண்டு, வசனங்கள் சேரச் சேர அக்கிரீடத்தில் சிவப்பும் பச்சையுமான கற்களைப் பதித்துக்கொள்ளும் காட்சியைக் காண்பவர் மனம் இளகாமல் இராது.

இச்சங்கத்தின் வித்து சிகாகோ நகரத்தில் நார்த் சைட் காஸ்பல் சென்டர் என்னும் சபையில் 1941-ல் நடைபெற்ற சிறுவர் கூடுகையில் இருக்கிறது. அச்சபையின் போதகராகிய லான்ஸ் லேதம் என்பவரும், அவருடன் சிறுவர் ஊழியத்தில் ஈடுபட்ட ஆர்ட் ரோர்ஹைம் என்னும் இளைஞரும், ஆலயத்துக்கு வரும் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டுமன்றி வராத குடும்பத்துப் பிள்ளைகளையும் எப்படி உள்ளே அழைப்பது என்று யோசித்து, விளையாட்டையும் வேதத்தையும் ஒரே மாலையில் இணைத்தார்கள். மற்றச் சபைகளும் அம்முறையை விரும்பிக் கேட்கவே, 1950-ல் அது தனி ஸ்தாபனமாயிற்று. 1960-க்குள் ஏறத்தாழ 900 திருச்சபைகள் அதை ஏற்றுக்கொண்டிருந்தன. இப்பொழுது இந்தியா உட்படப் பல தேசங்களில் அது நடைபெறுகிறது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில், வெட்கப்படாத ஊழியக்காரனாயிருக்கும்படி கூறும் இடத்திலிருந்தே அதன் பெயர் உருவாக்கப்பட்டது. பாட்டியாகிய லோவிசாளிடத்திலும் தாயாகிய ஐனிக்கேயாளிடத்திலும் முதலில் இருந்த விசுவாசத்தைத் தீமோத்தேயுவினிடத்தில் கண்டு பவுல் அதே நிருபத்தில் ஆனந்தப்படுகிறார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இனி, இச்சங்கத்தின் உள்ளே ஒரு முரண்பாடு இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் உடனே காண்பார்கள். அங்கே பிள்ளைகள் முதன்முதலில் நெட்டுருச் செய்யும் வசனங்கள், இரட்சிப்பு மனிதனுடைய கிரியையினால் வருவதன்று, அது தேவன் இலவசமாய் அருளும் கிருபை என்று போதிப்பவை. லேதம் தம் வாழ்நாளெல்லாம் அழுத்திச் சொன்ன சத்தியமும் அதுவே. ஆனால் அந்தக் கிருபையைக் கூறும் வசனத்தை ஒப்புவித்ததற்காகப் பிள்ளைக்குக் கிடைப்பது சம்பாதித்த பரிசு. உழைத்தவனுக்குக் கல் உண்டு, உழையாதவனுக்குக் கல் இல்லை. சபைகள் சிலவற்றில் வருகைக்கு இவ்வளவு, சீருடைக்கு இவ்வளவு, சிநேகிதனை அழைத்து வந்ததற்கு இவ்வளவு என்று காகிதப் பணம் கொடுத்து, அப்பணத்தால் பொம்மைகள் வாங்கும்படி ஒரு கடையும் வைத்திருக்கிறார்கள். இலவசமானதைக் கற்கக் கூலி கொடுத்தால், பிள்ளையின் உள்ளத்தில் பதிவது பாடமா, கூலியா?

இக்கேள்வியை அமெரிக்கர் தம் இலக்கியத்திலேயே எழுப்பியிருக்கிறார்கள். மார்க் ட்வெய்ன் 1876-ல் வெளியிட்ட டாம் சாயர் கதையில், ஞாயிறு பள்ளியில் இரண்டு வசனம் சொன்னால் ஒரு நீலச் சீட்டு. பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு. பத்துச் சிவப்புக்கு ஒரு மஞ்சள். பத்து மஞ்சளுக்கு எளிய கட்டடத்தில் ஒரு வேதபுத்தகம். இரண்டாயிரம் வசனம் கற்க வேண்டிய அப்பரிசை டாம் அவற்றைக் கல்லாமல், மற்றச் சிறுவர்களிடம் பண்டமாற்றுச் செய்து சீட்டுகளைச் சேர்த்தே பெற்றுவிடுகிறான். இயேசுவின் முதல் இரண்டு சீஷர் யார் என்று பெரியவர் ஒருவர் சபை முன் கேட்டபோது, தாவீதும் கோலியாத்தும் என்று விடையிறுக்கிறான். வாசிப்போர் சிரிக்கிறார்கள். ஆனால் டாமைவிட அக்கதையில் என்னை அதிகமாக உறுத்துவது, மூவாயிரம் வசனங்களை நிறுத்தாமல் ஒப்புவித்து, அந்தப் பளுவினாலேயே புத்தி மழுங்கிப்போனதாகச் சொல்லப்படும் மற்றொரு சிறுவன்தான். ஒருவன் பரிசை மட்டும் பெற்றான். மற்றவன் வசனத்தை மட்டும் பெற்றான். இருவரையும் பரிசளித்த கண்காணிப்பாளர் ஒரே அளவுகோலால் அளந்தார்.

பரிசுகளை அடியோடு விலக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடிக் கல்லைக் கையில் ஏந்தி நிற்கும் பிள்ளை, அதைப் பரலோகத்தின் விலையென்று எண்ணுவதில்லை. தன்மேல் அன்புள்ள ஒருவர் தன் பிரயாசையைக் கவனித்தார் என்பதற்கு அடையாளமாகவே கொள்கிறது. அன்புக்கும் கூலிக்கும் உள்ள பேதத்தைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரத்தில் கண்டுகொள்கிறார்கள். ஆகவே வந்ததற்காகப் பரிசு கொடுக்கலாம். வசனம் கற்றதற்காகவும் கொடுக்கலாம். சிநேகிதனை அழைத்து வந்ததற்காகக் கொடுக்கலாகாது என்றே நினைக்கிறேன். அங்கே ஒரு மனித உயிர் மற்றொரு பிள்ளையின் ஆதாயக் கணக்கில் ஏறிவிடுகிறது. அழைக்கப்பட்ட பிள்ளை பின்னொரு நாள் அதை அறிந்தால் அந்த ஆலயத்தைப்பற்றியும் அந்த நட்பைப்பற்றியும் என்ன எண்ணும்? விசுவாசத்தை அறிக்கையிட்டதற்காக ஒரு பிள்ளைக்கு மிட்டாயோ கைதட்டலோ கொடுப்பதைப்பற்றி நான் விவாதிக்கவும் விரும்பவில்லை. அது கூடவே கூடாது.

நம் தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் ஓய்வுநாள் பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்கு இவையெல்லாம் அந்நியமானவை அல்ல. மனப்பாட வசனமும், வருஷாந்தரப் பரீட்சையும், பரிசளிப்பு விழாவும், பாலர் ஞாயிறன்று பலிபீடத்துக்கு முன் வரிசையாக நின்று ஒப்புவித்தலும் இங்கேயும் உண்டு. ஓட்டப்பந்தய வட்டம் ஒன்றுதான் நமக்குப் புதிது. அது இங்கே இல்லாதது நம் குறையென்றே சொல்லவேண்டும். பிள்ளைகள் ஓடுவதை ஆலயம் மகிழ்ந்து பார்க்கவேண்டும்.

இம்முறைகளுக்கெல்லாம் மூதாதையாகிய ஞாயிறு பள்ளியின் தோற்றத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் குண்டூசி செய்யும் பட்டறைகள் இருந்தன. வாரத்தில் ஆறு நாளும் அவற்றில் உழைத்த ஏழைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் தெருக்களில் கட்டுக்கடங்காமல் திரிந்தார்கள். அந்நகரப் பத்திரிகையின் அதிபரும், சிறைச்சாலைகளின் அவல நிலையைக் கண்டு உள்ளம் நொந்தவருமாகிய ராபர்ட் ரெய்க்ஸ், தாமஸ் ஸ்டாக் என்ற குருவானவருடன் சேர்ந்து, 1780-ல் அப்பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் எழுத்தறிவிக்க ஏற்பாடு செய்து, கற்பிக்கும் பெண்களுக்குத் தினம் ஒரு ஷில்லிங் சம்பளம் கொடுத்தார். வருகிறவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை, முகமும் கையும் கழுவியிருக்கவேண்டும், தலை வாரியிருக்கவேண்டும் என்பதே. 1783 நவம்பரில் தம் பத்திரிகையில் அதைப்பற்றி எழுதவே, அம்முயற்சி நாடெங்கும் பரவிற்று. எதிர்ப்பும் உடன் பரவிற்று. ஓய்வுநாளில் பள்ளி நடத்துவது கற்பனையை மீறுவதென்றார்கள் பக்தியுள்ளோர் சிலர். கூலிக்காரன் மகன் படிக்கக் கற்றால் வேதத்தோடு நிற்பானா, கலகக்கார எழுத்தாளராகிய தாமஸ் பெய்னையும் படிப்பானன்றோ என்று அஞ்சினார்கள் செல்வர் சிலர்.

அந்தச் செல்வர்களின் அச்சத்தில் ஓர் உண்மை இருந்தது. அந்த உண்மையே ரெய்க்ஸின் செயலுக்குச் சிறப்புத் தருவது என்று நான் கருதுகிறேன். எழுத்தறிவு என்பது கொடுத்தவனுடைய பிடியிலிருந்து பெற்றவனை விடுவித்துவிடும் கொடை. வேதத்தை வாசிக்கும்பொருட்டுக் கற்ற எழுத்தைக்கொண்டு அப்பிள்ளை நாளை எதையும் வாசிக்கலாம். வேதத்தையே வாசித்து, கற்பித்தவர் சொன்ன பொருளுக்கு மாறான பொருளையும் காணலாம். அப்படியிருந்தும் ரெய்க்ஸும் அவரைப் பின்பற்றினோரும் எழுத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுள் விசுவாசிகளானவர் எத்தனை பேர், ஆகாதவர் எத்தனை பேர் என்பதைத் தேவன் அறிவார். ஆனால் விசுவாசியாகாதவனும் வெறுங்கையோடு போகவில்லை. சிறுவருக்கென்று திருச்சபை எதைச் செய்தாலும் இந்தச் சோதனையை அதற்கு வைத்துப் பார்க்கலாம்: நம்மை விட்டு விலகிப்போகும் பிள்ளையும் எடுத்துச் செல்லத்தக்க நன்மை ஏதேனும் அங்கே இருக்கிறதா? அவானாவின் வட்டத்தில் பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் வாரந்தோறும் தன் பெயரைச் சொல்லி அழைத்துத் தன்னை எதிரில் உட்காரவைத்துத் தான் சொல்வதைப் பொறுமையோடு கேட்ட அனுபவத்தை ஒரு பிள்ளை பெறுகிறது. அதை அற்பமென்று யாரும் சொல்லலாகாது.

இவ்வளவும் சொன்னபின், பிள்ளைக்கு மதம் கற்பிப்பதே தவறென்ற தத்துவஞானியாகிய ரூசோவின் ஆட்சேபத்துக்கு விடை கூறியாகவேண்டும். அவர் 1762-ல் வெளியிட்ட எமீல் என்னும் நூல் அதே ஆண்டில் பாரிஸிலும் ஜெனீவாவிலும் நெருப்பிலிடப்பட்டது. அந்நூலின் நாயகனாகிய சிறுவனுக்குப் பதினைந்து வயதிலும் தனக்கு ஓர் ஆத்மா உண்டென்பது தெரியாது. தெரிவிக்கவும் கூடாதென்பது ரூசோவின் சித்தாந்தம். பொருள் விளங்காத வாசகத்துக்குப் பிள்ளையை ஆம் என்று சொல்லப் பழக்கினால் அது பொய் சொல்லப் பழகுகிறது என்றும், ரோமாபுரியில் பிறந்தது ஒன்றையும் மெக்காவில் பிறந்தது மற்றொன்றையும் அதே உறுதியோடு சொல்லும் என்றும், பிறந்த ஊரைப் பொறுத்த நம்பிக்கையை விசுவாசமென்று அழைப்பது எப்படியென்றும் அவர் கேட்கிறார். கேள்வி நேர்மையானது. கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுக் கோபித்த அளவுக்கு இதைக் கேட்டுச் சிந்திக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆயினும் அந்த நூலின் கடைசிப் பகுதியில், எமீலுக்கு மனைவியாகப் போகும் பெண்ணின் கல்வியைப்பற்றிப் பேச வரும்போது, ரூசோ தம் சித்தாந்தத்தைத் தாமே கைவிட்டுவிடுகிறார். பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே மதத்தைச் சொல்லவேண்டும், மகள் தாயின் மதத்தையே கைக்கொள்ளவேண்டும் என்கிறார். ஏனெனில் தாமாக ஆராய்ந்து தீர்மானிக்கும் காலம் அவர்களுக்கு வரப்போவதில்லை என்பது அவருடைய கொள்கை. ஆணுக்குச் சுதந்தரமும் பெண்ணுக்குப் பாரம்பரியமும் என்று அவர் பகுத்த இந்த அநீதியைக் கண்டிப்பதோடு நின்றுவிடாமல், அது எதைக் காட்டுகிறது என்றும் பார்க்கவேண்டும். ஒரு மனிதனைக் கடவுளைப்பற்றிய பேச்சே எட்டாத இடத்தில் வளர்க்கவேண்டுமானால், அவனைச் சூழ்ந்தவர்கள் யாவரும் அவன் முன்னிலையில் வாய்மூடி இருக்கவேண்டும், தாய் ஜெபிக்கக்கூடாது, பாட்டி இறந்தால் எங்கே போனாள் என்று அவன் கேட்கும்போது வேலைக்காரனும் விடை சொல்லக்கூடாது. காட்டின் நடுவே ஓர் ஆசிரியனோடு தனித்து வாழும் கற்பனைச் சிறுவனுக்கே அது இயலும். மெய்யான பிள்ளை கேட்டுக்கொண்டேயிருக்கும். நமது மௌனத்தையும் அது ஒரு விடையாகவே எடுத்துக்கொள்ளும்.

அவ்வாறாயின் பிள்ளையினிடம் எதை எதிர்பார்க்கலாம்? அமெரிக்கத் திருச்சபைகளில் இதைக் குறித்து இரண்டு மரபுகள் நெடுங்காலமாகப் போராடி வந்திருக்கின்றன. நார்த்தாம்ப்டனில் நிகழ்ந்த எழுப்புதலைப்பற்றி ஜானதன் எட்வர்ட்ஸ் 1737-ல் வெளியிட்ட வரலாற்றில், நான்கு வயதுள்ள ஃபீபி பார்ட்லெட் என்னும் பெண் குழந்தையின் மனந்திரும்புதல் மிக விரிவாகக் கூறப்படுகிறது. தான் நரகத்துக்குப் போய்விடுவேனோ என்று அக்குழந்தை அழுதது; சிறிய அறையொன்றில் தினமும் பலமுறை தனித்திருந்து ஜெபித்தது; பின்பு ஒருநாள் பரலோக ராஜ்யம் தன்னிடம் வந்ததென்று கூறிப் புன்னகைத்தது. மற்றப் பிள்ளைகளோடு போய் அயலார் தோட்டத்துப் பிளம் பழங்களைக் கேளாமல் பறித்துத் தின்றது பாவம் என்று பின்னர் அறிந்தபோது, அது அடக்கமுடியாமல் அழுததாம். அதற்கு மாறாக, கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டில் போதகராயிருந்த ஹோரஸ் புஷ்னெல், கிறிஸ்தவப் பிள்ளை தான் கிறிஸ்தவனாயிராத ஒரு காலத்தை அறியாமலே வளரவேண்டும், பயமும் கண்ணீரும் கொண்ட திருப்பம் ஒவ்வொருவருக்கும் அவசியமன்று என்று எழுதினார். அவருடைய கிறிஸ்தவ வளர்ப்பு என்னும் நூலை 1847-ல் அச்சிட்ட ஞாயிறு பள்ளிச் சங்கமே, எழுந்த கண்டனத்துக்கு அஞ்சி அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. 1861-ல் அவர் அதை விரித்து மறுபடியும் வெளியிட்டார்.

புஷ்னெலின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் ஃபீபி பார்ட்லெட்டை நான் தள்ளிவிடவும் மாட்டேன். அந்தப் பழங்களுக்காக அழுத கண்ணீர் பொய்யென்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? குழந்தைக்குக் குற்ற உணர்வு உண்டு. வியப்பும் நன்றியும் பயமும் உண்டு. இவையெல்லாம் கடவுளுக்கு முன் நிற்கத் தகுதியான உணர்வுகளே. என் கவலை வேறு. சங்கத்தின் முடிவில் யாவரும் அமர்ந்திருக்கும்போது, இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஒருவர் கேட்கிறார். ஏழு வயதுச் சிறுமி கையை உயர்த்துகிறாள். சென்ற மாதமும் உயர்த்தினாள். அடுத்த மாதமும் உயர்த்துவாள். அவள் உயர்த்தியது தேவனுடைய அழைப்புக்காகவா, அன்புள்ள அந்த ஆசிரியையின் முகம் மலர்வதைக் காணவா, பக்கத்தில் இருப்பவள் உயர்த்தியதனாலா, இரவில் நரகத்தைக் கனவு கண்டதனாலா? ஆசிரியைக்குத் தெரியாது. சிறுமிக்கே தெரியாது. அவளைக் கேட்டுப் பயனுமில்லை. அப்படியிருக்க, அந்தக் கையை எண்ணிக் குறித்துக்கொண்டு, இன்று இத்தனை ஆத்மாக்கள் என்று அறிக்கை எழுதுவது, பிள்ளையின் அந்தரங்கத்தில் தேவன் ஒருவரே பிரவேசிக்கக்கூடிய இடத்தில் நாமும் கணக்குப் புத்தகத்தோடு பிரவேசிப்பதாகும்.

சாமுவேலின் முதலாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை நான் பலகாலம் வாசித்திருக்கிறேன். சிறுவர் ஊழியத்தைப்பற்றி வேதத்தில் உள்ள மிக ஆழமான உபதேசம் அதுவே என்று எண்ணுகிறேன். பாலகனாகிய சாமுவேல் சீலோவிலுள்ள ஆலயத்திலேயே வாழ்கிறான். தாய் அவனைப் பால்மறந்த நாளில் அங்கே கொண்டுவந்து விட்டாள். சணல்நூல் ஏபோத்தை உடுத்தி அவன் பணிவிடை செய்கிறான். உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் இடத்திலேயே படுத்துறங்குகிறான். ஆலயத்துக்கு இவனைவிடச் சமீபமாக வளர்ந்த பிள்ளை இல்லை. அப்படிப்பட்டவனைக் குறித்தே, அவன் கர்த்தரை இன்னும் அறியவில்லை என்று வேதம் கூசாமல் சொல்கிறது. இது சாமுவேலின்மேல் சுமத்திய குற்றமன்று. அவனை வளர்த்த ஆசாரியராகிய ஏலியின்மேல் சுமத்திய குற்றமுமன்று. ஆராதனையின் எல்லாப் பழக்கங்களையும் ஒரு பிள்ளைக்குப் பழக்கலாம். அறிதல் என்பது இன்னொருவரிடத்திலிருந்து வரவேண்டும்.

அந்த அழைப்பு இரவில் வந்தபோது பிள்ளை என்ன செய்தான்? ஏலியினிடம் ஓடினான். ஒருமுறையல்ல, மூன்று முறை ஓடினான். தேவனுடைய சத்தம் அவனுக்கு அந்தக் கிழவருடைய சத்தம்போலவே கேட்டது, வேறெப்படிக் கேட்கும்? அவன் அறிந்த அன்பான சத்தம் அது ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கும் அப்படியே. தேவனைப்பற்றிய முதல் எண்ணம் தன்மேல் அன்புள்ள ஒரு பெரியவரின் சாயலில்தான் உருவாகிறது. அதனாலேயே பெரியவர்களின் பொறுப்பு நடுங்கத்தக்கது. இவ்விடத்தில் ஏலி செய்ததை நோக்குங்கள். கண் மங்கினவர், தம் சொந்தப் புதல்வரை அடக்கமாட்டாமல் விட்டவர், பல குறைகளுள்ளவர். ஆனாலும் நடு இரவில் தம் படுக்கையருகே வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து, நான் உன்னை அழைக்கவில்லை என்று சொன்னார். அழைத்தவர் யார் என்பதை மூன்றாம் முறையில் உணர்ந்துகொண்டு, மறுபடி அழைக்கப்பட்டால் எப்படி விடைசொல்லவேண்டும் என்னும் ஒரே வாக்கியத்தைக் கற்பித்து, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று கேட்கவில்லை. பிள்ளைக்குப் பதிலாகத் தாம் விடை சொல்லவில்லை. வார்த்தையைக் கொடுத்தார், இடத்தை விட்டார்.

சிறுவருக்கு ஊழியம் செய்வோர் யாவருக்கும் உரிய வேலை இதுவே என்று நம்புகிறேன். வார்த்தையைக் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். மனப்பாடத்தைப் பழிக்கும் நவீன மனோபாவம் எனக்கு உடன்பாடன்று. பொருள் விளங்கியபின் கற்பிக்கலாம் என்று காத்திருப்போர், பொருள் விளங்கும் வயதில் வார்த்தை மனத்தில் ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணுவதில்லை. துக்கமும் குற்றமும் பிரிவும் பின்னால் வரும். அவை வரும்போது அவற்றை எதிர்கொள்ளும் வாசகம் முன்னமே உள்ளே இருக்குமானால், அன்று பொருள் தானாக விளங்கும். அகஸ்தீன் 386-ல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் தம் வாழ்க்கையின் பாரம் தாங்காமல் அழுதுகொண்டிருந்தபோது, அயல் வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கச் சொல்லி ராகத்தோடு திரும்பத் திரும்பக் கூறும் ஒரு குழந்தையின் குரல் கேட்டதாக எழுதியிருக்கிறார்; ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ அவருக்குத் தெரியவில்லை; பிள்ளைகள் ஏதாவது விளையாட்டில் அப்படிப் பாடுவதுண்டோ என்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டே அவர் பவுலின் நிருபத்தை எடுத்து வாசித்தார். பாடின குழந்தை தான் சொல்வதின் பொருளை அறிந்திருக்க நியாயமில்லை. தன் பாட்டினால் என்ன நடந்தது என்பதை அது கடைசிவரை அறியவுமில்லை. அதே அகஸ்தீன் தம் பால்யத்தை நினைவுகூரும்போது, பள்ளியில் அடி விழாமல் காக்கும்படி தாம் மனமுருகி ஜெபித்ததையும், அடி விழுந்ததையும், பெற்றோர் அதைக் கண்டு சிரித்ததையும் எழுதுகிறார். அத்தனை ஆண்டுகளுக்குப் பின்பும் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. பிள்ளையின் ஜெபத்தைப் பெரியவர்கள் வேடிக்கையாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

விடியற்காலத்தில் நடந்ததும் இந்த உபதேசத்தில் அடங்கும். சாமுவேல் எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்தான். இரவில் கேட்டதை ஏலிக்குச் சொல்லப் பயந்தான். ஏனெனில் அந்த முதல் செய்தி ஏலியின் வீட்டாருக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பு. ஏலியோ, ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று பிள்ளையை வற்புறுத்திக் கேட்டு, கேட்டதை ஏற்றுக்கொண்டார். பிள்ளைக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர், பிள்ளை கேட்டதைத் தாமும் கேட்கக் கடமைப்பட்டார்.

அவானாவின் கைப்புத்தகத்தில் ஒப்புவித்த வசனத்துக்குப் பக்கத்தில் தலைவரின் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது. பிள்ளையின் கேள்விக்கும் அவ்வாறே ஓர் இடம் விடவேண்டும் என்பது என் வேண்டுகோள். எட்டு வயதுப் பையன் ஒருவன், பெத்தேல் ஊர்ச் சிறுவர்கள் எலிசாவின் வழுக்கையைப் பரிகசித்ததற்காக இரண்டு கரடிகள் வந்து நாற்பத்திரண்டு பேரைப் பீறிப்போட்டன என்று இரண்டாம் இராஜாக்களில் வாசித்துவிட்டு, தேவன் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பான். அப்பொழுது, வசனத்தை முடி, நேரமாகிறது என்று சொல்லக்கூடாது. கேட்டதற்காக அவன் பக்தியில் குறைந்தவனென்று எண்ணவும் கூடாது. தெரிந்தால் சொல்லவேண்டும், தெரியாவிட்டால் எனக்கும் அது விளங்கவில்லை, நானும் அதைப்பற்றி நினைத்து வருந்தியிருக்கிறேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அடுத்த வாரம் அவன் மறுபடியும் கேட்டால் மறுபடியும் உட்கார்ந்து பேசவேண்டும். வட்டத்தில் விளையாட்டு தொடங்கிவிட்டாலும், மற்றொரு தலைவர் விசிலை ஊதிக்கொள்ளட்டும்.